388 ரூபாய்

ஏலத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் கூலி உண்டு என்பதை எனக்குக் காட்டியவர் என் சித்தப்பா. திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பொதுக்குளத்து மீன்பாசி ஏலம். தண்டோரா போட்டு, டேவணி என்கிற முன்பணம் கட்டியவர்கள் பெயரை எழுதி, மரத்தடியில் மேஜை போட்டு முறையாகத்தான் நடந்தது. சர்க்கார் கேள்வித் தொகையைச் சொன்னதும் ஒருவர் பத்து ரூபாய் ஏற்றினார். இன்னொருவர் ஐந்து ரூபாய். மூன்றாமவர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், முடிந்தது. எழுத்தர் பேனாவை மூடுவதற்குள் டேவணி கட்டிய அத்தனை பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து அரவை மில் களத்துக்குப் போய்விட்டார்கள்.

நிஜமான ஏலம் அந்தக் களத்தில் நடந்தது. அங்கே குரல் உயர்ந்தது, கோபம் வந்தது, தொகையும் ஏறியது. மேஜைக்கு முன்னால் முடிந்த தொகைக்கும் களத்தில் முடிந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை, குளம் கிடைக்காதவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். சித்தப்பாவிடம் வலை கிடையாது. அவர் மீன் பிடித்து நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் டேவணி கட்டுவார். "இதுக்குப் பேரு சிண்டிகேட்டுடா தம்பி. சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சுது பாத்தியா" என்று சொல்லி, வரும் வழியில் கடைத்தெருவில் எனக்கு அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். குளத்துக் காசு என்பதால் அதன் ருசி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதே காரியத்தைக் கம்பெனிகள் செய்யும்போது அரசுத் தரப்பில் நின்று வழக்காடுவதே பின்னால் என் பிழைப்பாயிற்று. தியாகராஜ ஆராதனைக்கு ஊருக்கு வரும்போது, "டெல்லியில எந்தக் கோர்ட்டுல இருக்கே? கொலைக் கேசா, சொத்துக் கேசா?" என்று கேட்பார்கள். "கம்பெனிக்காரங்க சேர்ந்துகிட்டு விலையை ஏத்துறாங்கல்ல, அந்தக் கேசு" என்பேன். "அதெல்லாம்கூட ஒரு கேசா?" என்றுவிட்டு, காவிரியில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எம்.ஆர்.டி.பி. ஆணையம் இருந்தது. முற்றுரிமையையும் கட்டுப்பாடான வணிக முறைகளையும் தடுக்க 1969இல் வந்த சட்டம் அது. பெரிய தொழில் குடும்பங்களின் பிடியைப் பற்றி 1960களில் தாஸ்குப்தா ஆணையம் கொடுத்த அறிக்கையின் பிள்ளை என்று சொல்லலாம். தொழிலை விரிவாக்க அனுமதி கேட்டு நிற்கவேண்டிய பகுதியை 1991இல் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவை விலைக்கூட்டு, விளம்பரப் பொய் இந்த மாதிரிச் சங்கதிகள். அரசுத் தரப்பு என்றால் விசாரணைத் தலைமை இயக்குநர். அவருக்காக ஆஜராகும் வக்கீல்களில் ஒருவனாகச் சேர்ந்து, எதிரே நின்றவர்கள் என்னைவிட இளையவர்களாகும் வரை அந்தப் பக்கமே நின்றேன்.

அந்த ஆணையத்தில் எனக்குப் பிடித்தது, அங்கே சாட்சி கூண்டில் ஏறுவார் என்பதுதான். ஒருமுறை ஒரு உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன். சங்கக் கூட்டக் குறிப்புப்படி காலை பத்தரைக்குக் கூடி, பதினொன்றே காலுக்குக் கலைந்திருந்தார்கள். பேசியது சந்தா பாக்கி, மின்வெட்டு, பிற விஷயங்கள். அந்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லா உறுப்பினர்களும் ஒரே மாதிரி விலை ஏற்றியிருந்தார்கள். நான் விலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சங்கத்தின் செலவுக் கணக்கில் அன்றைய தேதியிட்ட ஹோட்டல் பில் ஒன்று இருந்தது. மதியச் சாப்பாடு, மாலை டீ, பக்கோடா, எல்லாம் உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சரியாக. "பதினொன்றே காலுக்குக் கலைந்தவர்கள் மாலையில் பக்கோடா சாப்பிட்டது எங்கே?" என்று கேட்டேன். செயலாளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சந்தா பாக்கி பற்றி விரிவாகப் பேசவேண்டியிருந்தது என்றார். ஆணையத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்து என்ன? அந்தச் சட்டத்தில் ஆணையம் கொடுக்கக்கூடிய உத்தரவு, 'நிறுத்து, இனிமேல் செய்யாதே' என்பது. அபராதம் கிடையாது. உத்தரவை மீறினால்தான் அடுத்த நடவடிக்கை. லிஃப்டில் என்னோடு இறங்கிய செயலாளர், "அடுத்த கூட்டத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்" என்றார். நல்ல மனிதர். கடைசிவரை எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

புதிய போட்டிச் சட்டம் 2002இல் வந்தது. வந்ததே தவிர நடைமுறைக்கு வரவில்லை. நீதி வழங்கும் ஆணையத்துக்கு அதிகாரிகள் தலைமை தாங்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007இல் சட்டத்தைத் திருத்தி, மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் வைத்து, விலைக்கூட்டைத் தடுக்கும் மூன்றாம் பிரிவு அமலுக்கு வந்த நாள் 2009 மே 20. இந்தத் தேதியைப் பின்னால் வரும் கதைக்காக நினைவில் வைக்கவேண்டும். அபராதமும் இப்போது பல்லுள்ள அபராதம். மூன்று வருஷச் சராசரி விற்றுமுதலில் பத்து சதவீதம் வரை. விலைக்கூட்டு என்றால், அது நீடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரைகூடப் போகலாம்.

இந்தச் சட்டத்தின்கீழ் வந்த பெரிய வழக்குகளில் ஒன்று எங்கள் வீட்டுக்கு நெருங்கிய பொருளைப் பற்றியதாக அமைந்தது. என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். அடுக்கிய மூட்டைகளுக்கு மருந்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியம் பாஸ்பைடு வில்லை. ஒரு வில்லை மூன்று கிராம், டன்னுக்கு மூன்று வில்லை. அடுக்கின் மேல் கெட்டியான உறையைப் போர்த்தி, தரையைத் தொடும் விளிம்பு முழுக்க நீள நீளமான மணல் பைகளை இடைவெளி விடாமல் அடுக்குவார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் வில்லை கரைந்து வாயு கிளம்பும். ஒரு வாரம் கிட்டப் போகக்கூடாது. வண்டு, அந்து, முட்டை எதுவும் மிஞ்சாது. மருந்து வைத்துவிட்டு வரும் நாளில் அப்பாவின் சட்டையில் அழுகின பூண்டு வாசம் அடிக்கும். அம்மா அந்தச் சட்டையைக் கிணற்றடியில் தனியாகப் போடச் சொல்வாள். டெல்டாவில் அறுத்துக் களத்தில் தூற்றி, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கொள்முதல் நிலைய வாசலில் நாள் கணக்கில் காய்ந்து, நாற்பது கிலோ மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் நெல், அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகும் வரை வண்டிடமிருந்து காப்பாற்றுவது இந்த வில்லைதான்.

இந்திய உணவுக் கழகம் நாடு முழுவதுக்கும் சேர்த்து இதை டெண்டரில் வாங்கும். செய்பவர்களோ அப்போது நாட்டில் நான்கே பேர். 2009 டெண்டரில் எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் மூன்றும் தனித்தனி உறையில் விலை போட்டன. கிலோ 388 ரூபாய், 388 ரூபாய், 388 ரூபாய். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச்சுக்குக் கூப்பிட்டால் மூவரும் 386க்கு இறங்கினார்கள். 2011 பிப்ரவரியில் உணவுக் கழகம் போட்டி ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. அந்த வழக்கில் எழுந்து நின்று வாதாடியவன் நானல்ல. கோப்பைப் படித்தவர்களில் ஒருவன், அவ்வளவுதான். ஆனால் 388 என்ற எண்ணைப் பார்த்ததும் காதைக் குடைந்துகொண்டிருந்த அந்த மூன்றாமவர் கண்முன் வந்துவிட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் வழக்கே இல்லை, கையும் களவுமாகப் பிடிபட்டதுதான். எங்களுக்கு அப்படியில்லை. ஒரே விலை போட்டது மட்டும் குற்றமாகாது. பெட்ரோல் பங்க் இரண்டு எதிரெதிரே இருந்தால் விலை ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவர் விலையை ஒருவர் பார்த்து நடந்துகொள்வது வியாபாரம், பேசிவைத்துக்கொண்டு நடப்பதுதான் சதி. பேசிவைத்ததற்கு யாரும் பத்திரம் எழுதிக்கொள்வதில்லை. ஆகவே விலையோடு கூட இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றைத் தேடுவதில்தான் என் தொழிலின் முக்கால்வாசி கழிந்தது.

வில்லை வழக்கில் அது கிடைத்த இடம் வாசல். உணவுக் கழக அலுவலகத்துக்குள் நுழைபவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டில், தனித்தனியாக வந்து விலை போட்டதாகச் சொன்ன நிறுவனங்களுக்காக ஒரே ஆளின் கை எழுதியிருந்தது. வழவழப்பான பொருளாதார அறிக்கைகளும் வரைபடங்களும் இரண்டு பக்கமும் குவிந்த வழக்கில், காவலாளி மேஜையில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவால் எழுதப்பட்ட வரி அது. கூடவே இன்னொரு கேள்வி. ஆலை வேறு ஊர், கூலி வேறு, மூலப்பொருள் வாங்கும் கணக்கு வேறு, லாரி வாடகை வேறு. எல்லாம் வேறாக இருந்தும் கடைசி எண் பைசா சுத்தமாக எப்படி ஒன்றானது? பதில் வரவில்லை.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நல்ல வாதம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். விலை போட்ட கடைசி நாள் 2009 மே 8. மூன்றாம் பிரிவு உயிர்பெற்றது மே 20. பிறக்காத சட்டத்தை எப்படி மீறுவது? ஆனால் விலைப்பேச்சு நடந்ததும் 386க்கு ஒப்பந்தம் ஆனதும் ஜூனில். கூட்டின் பலன் சட்டம் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருஷமே தராசு மறுபக்கம் சாய்ந்தது. சமையல் கேஸ் சிலிண்டர் வழக்கு. இந்தியன் ஆயில் 2010இல் விட்ட டெண்டரில் சிலிண்டர் செய்யும் கம்பெனிகள் கூட்டமாக ஒரே விலை போட்டிருந்தன. டெண்டருக்கு முந்தைய இரண்டு நாள் அவர்களில் பலர் மும்பையில் ஒரு ஹோட்டலில் கூடியும் இருந்தார்கள். ஆணையம் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது, தீர்ப்பாயமும் குற்றத்தை உறுதி செய்தது. 2018 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் தள்ளியது. காரணம், 14.2 கிலோ சிலிண்டர் எங்கே செய்தாலும் ஒரே சிலிண்டர். வாங்குபவர்கள் மூன்றே மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள். போன டெண்டர் விலை எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட சந்தையில் பேசிவைக்காமலேயே விலை ஒன்றாக வர வழியிருக்கிறது என்றது. வில்லைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சிக்ரியேதான் இதையும் எழுதினார். எங்கள் அறையில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கருத்தைக் கேட்டால், சந்தையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஹோட்டல் கூட்டத்தைக் கொஞ்சம் லேசாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் எதைப் பேசினார்கள்? ஒருவரைக் கூண்டில் ஏற்றிப் பழைய முறையில் நாள் முழுக்கக் கேட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. புதிய ஆணையத்தில் பெரும்பாலும் தலைமை இயக்குநர் அலுவலகத்தில் வாக்குமூலம் வாங்குவதோடு சரி. குறுக்கு விசாரணை வேண்டுமென்றால் மனுப்போட்டுக் கேட்கவேண்டும். கோப்பு தடித்துவிட்டது, சாட்சி மெலிந்துவிட்டார்.

குற்றத்தை நிரூபித்தாலும் அபராதத்தில் கோட்டை விடுவது எங்கள் வழக்கம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேலி செய்வார்கள். வில்லை வழக்கில் ஆணையம் 2012 ஏப்ரலில் மொத்த விற்றுமுதலில் ஒன்பது சதவீதம் போட்டது. யுனைடெட் பாஸ்பரஸுக்கு 252.44 கோடி, எக்செலுக்கு 63.90 கோடி, சந்தியாவுக்கு 1.57 கோடி. 2013இல் ஷாஜகான் ரோடு கோட்டா ஹவுஸ் இணைப்புக் கட்டிடத்தில் உட்கார்ந்த தீர்ப்பாயம், தப்பு நடந்த பொருளின் விற்பனையை மட்டும் கணக்கில் எடு என்றது. 252.44 கோடி 6.94 கோடியாயிற்று. 63.90 கோடி 2.92 கோடி. சந்தியாவுக்கு 15.70 லட்சம். 2017 மே 8இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சக வக்கீல்கள் கொதித்தார்கள். நான் தீர்ப்பு சரி என்றேன், அதற்காகக் கொஞ்ச நாள் என்னோடு டீ குடிக்க வராதவர்களும் உண்டு. நூறு சாமான் விற்கும் கம்பெனி ஒரு சாமானில் தப்புச் செய்தால் நூறுக்கும் சேர்த்து அடிப்பது, அந்த ஒன்றை மட்டுமே விற்கிற சின்னக் கம்பெனியோடு ஒப்பிட்டால் நியாயமாகாது. பெரியதன் அபராதம் முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்தது வயிற்றெரிச்சல்தான். ஆனால் வயிற்றெரிச்சலைச் சட்டவாதமாக எழுத முடியாது. பின்னால் நாடாளுமன்றம் 2023இல் சட்டத்தைத் திருத்தி, 2024 மார்ச்சிலிருந்து உலகம் முழுக்கச் செய்யும் விற்பனையை விற்றுமுதலாக எடுக்கலாம் என்று கொண்டுவந்துவிட்டது. சம்பந்தப்பட்ட பொருளின் விற்பனையிலிருந்து கணக்கைத் தொடங்கி, உலக விற்றுமுதலில் பத்து சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறார்கள். இந்தப் புதுக் கணக்கில் வாதாட எனக்கு வாய்ப்பு வரவில்லை.

சிமெண்ட் வழக்கைப் பற்றி ஊரில் கேட்டவர்கள்தான் அதிகம். காரணம் கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், சுண்ணாம்புக்கல் பூமி. வீடு கட்டாதவர் யார்? 2012 ஜூனில் ஆணையம் பதினொரு சிமெண்ட் கம்பெனிகளுக்கு ஆறாயிரத்து முந்நூறு கோடி அளவில் அபராதம் போட்டபோது, என் அத்தான் போன் செய்து, "அப்ப மூட்டைக்கு எவ்வளவு திருப்பித் தருவாங்க?" என்றார். ஒன்றும் தரமாட்டார்கள், அபராதம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், நஷ்டம் அடைந்தவர் தனியாக மனுப்போட்டு இழப்பீடு கேட்கவேண்டும் என்றேன். "அப்ப எனக்கென்னய்யா லாபம்?" என்று வைத்துவிட்டார். அந்த உத்தரவும் 2015 டிசம்பரில் விழுந்தது. விலைக்காக விழவில்லை. பிப்ரவரியில் நடந்த வாய்மொழி விசாரணையில் உட்காராத தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டவர்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது பஞ்சாயத்திலேயே உள்ள முறை. திரும்ப முதலிலிருந்து விசாரித்து, 2016 ஆகஸ்ட் 31இல் மறுபடி அபராதம், 2018 ஜூலையில் மேல்முறையீட்டில் உறுதி, பிறகு உச்ச நீதிமன்றம். நான் கோட்டைக் கழற்றி மாட்டியபோது அது அங்கேதான் இருந்தது. அத்தான் வீடு கட்டி, வாடகைக்கு விட்டு, இரண்டு தடவை வெள்ளையும் அடித்துவிட்டார்.

இப்போது டெண்டர் எல்லாம் கம்ப்யூட்டரில். வாசல் பதிவேடு போய்விட்டது. அதற்குப் பதில் வேறு தடயங்கள் வந்துவிட்டன. புனே மாநகராட்சிக் குப்பை டெண்டர்கள் பற்றி 2018இல் வந்த உத்தரவுகளில், போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து விலையை ஏற்றியிருந்தது பிடிபட்டது. கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தால் அபராதம் குறையும் என்ற ஏற்பாடு 2017 ஜனவரியில் ரயில்வே மின்விசிறி வழக்கில் முதல்முறை பலன் தந்தது. முதலில் வந்து சொன்னவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. என் சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால் களத்தில் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கமாட்டார்கள்.

போன தை மாதம் ஊரில் இருந்தபோது, என்னிடம் ஜூனியராக இருந்த பெண் டெல்லியிலிருந்து கூப்பிட்டாள். இப்போது அவளே அரசுத் தரப்பில் நிற்கிறாள். விலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகப் போட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள், ஒன்றும் பிடி கிடைக்கவில்லை சார் என்றாள். டெண்டரோடு இணைத்த கடிதங்களைப் படித்தாயா என்று கேட்டேன். படித்தாளாம். மூன்று கம்பெனிக் கடிதத்திலும் ஒரே வார்த்தையில் ஒரே எழுத்துப் பிழை இருக்கிறதாம், அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். புஷ்ய மண்டபத் துறையில் ஒரே கூட்டம், பந்தலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: "விலையை மூடி வை! அந்தக் கடிதத்தை எந்தக் கடையில டைப் அடிச்சாங்கன்னு முதல்ல கண்டுபிடி. பில் இருக்கும்."